பிளாரன்ஸிலிருந்து ஒரு நாள் டிரைவர் வண்டி: அப்பாவுக்குக் கோபுரம் வேண்டாமாம், திராட்சைத் தோட்டம்தான் வேண்டுமாம்

சுருளிப்பட்டி பன்னீர் (கேள்வி):

எல்லோருக்கும் வணக்கம். செப்டம்பர் கடைசி வாரம் அப்பா, அம்மா, மனைவி, நான் நாலு பேரும் இத்தாலி போகிறோம். தங்கச்சி பிசாவில் படிக்கிறாள், அவளோடு ஐந்து பேர். பிளாரன்ஸில் மூன்று ராத்திரி தங்கல். அதில் ஒரு நாள் டிரைவரோடு வேன் எடுத்து டஸ்கனி மலை ஊர்களைச் சுற்றலாம் என்று யோசனை.

தங்கச்சி மூன்று இடத்தில் விலை கேட்டாள். எட்டு மணி நேரத்துக்கு 600 முதல் 750 யூரோ வரை சொல்கிறார்கள். அம்மா அதை ரூபாயாக்கிப் பார்த்துவிட்டு, "இந்தக் காசுக்குக் கம்பத்திலிருந்து வேன் பிடித்து சபரிமலைக்குப் பத்து தடவை போய் வரலாமே" என்றார். நான் பதில் பேசவில்லை.

ஒருவர் அனுப்பிய திட்டம் இது: காலையில் சியெனா, அப்புறம் மொந்தெரிஜ்ஜோனி, ஒயின் தோட்டத்தில் சாப்பாடு, சான் ஜிமிஞ்யானோ, திரும்பும் வழியில் கிரேவே. எல்லாம் ஒரே நாளில்.

அப்பாவுக்கு 71 வயது, வலது முட்டி சரியில்லை. எங்களுக்கு சுருளிப்பட்டியில் இரண்டு ஏக்கர் பன்னீர் திராட்சை, பந்தலில். நான் சான் ஜிமிஞ்யானோ கோபுரப் படத்தைக் காட்டினால் அவர் சொல்கிறார்: "கோபுரம் நம்மூர்லயே இருக்கு. அவன் கொடியை எப்படிக் கட்டியிருக்கான்னுதான் பாக்கணும்." அம்மா புரட்டாசி என்பதால் கவுச்சி தொட மாட்டார்.

கேட்க வேண்டியது: இந்தத் திட்டம் நடக்குமா? வண்டி ஊருக்குள் எதுவரை போகும்? டிரைவருக்கு பேட்டா, வெயிட்டிங், சாப்பாடு எல்லாம் நம்ம ஊர் மாதிரிதானா? அப்பா குடிக்க மாட்டார், ஒயின் தோட்டத்துக்குப் போனால் குடித்தே ஆகணுமா?

செங்கோட்டைக்காரன்:

தம்பி, இரண்டு வருஷம் முன்னால் என் அம்மாவை (அப்போது 68) கூட்டிக்கொண்டு இதையேதான் செய்தேன். அதில் பாதி தப்பாகச் செய்தேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தத் திட்டத்தைக் கிழித்துப் போடுங்கள். வரைபடத்தில் எல்லாம் பக்கம் பக்கமாகத் தெரியும். பிளாரன்ஸிலிருந்து சியெனா சுமார் 75 கிலோமீட்டர், சான் ஜிமிஞ்யானோ 60க்குள். தூரம் பிரச்சினையே இல்லை. இறங்கி ஏறுவதுதான் பிரச்சினை. ஒவ்வொரு ஊரும் மலை உச்சியில், மதில் போட்டு, உள்ளே கல் பாவிய தெரு. எதிரி ஏறி வரக்கூடாது என்றே கட்டிய ஊர்கள். உங்கள் அப்பாவின் முட்டியும் அந்த எதிரிக் கணக்கில்தான் வரும்.

நான் ஐந்து ஊர் போட்டிருந்தேன். மூன்றாவது ஊரில் அம்மா வண்டியை விட்டு இறங்கவே இல்லை. "நீ போய்ப் பாத்துட்டு வா, நான் இங்கயே இருக்கேன்" என்று ஜன்னலைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அது மொந்தெரிஜ்ஜோனி. 13ஆம் நூற்றாண்டில் சியெனாக்காரர்கள் கட்டிய சின்னக் கோட்டை, பதினான்கு கோபுரம் வைத்த வட்ட மதில், இத்தாலியக் கவிஞர் தாந்தே தன் 'நரகம்' காவியத்தில் பூதங்களுக்கு உவமையாகச் சொன்ன ஊர். உள்ளே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடக்க ஐந்து நிமிஷம் போதும். அழகுதான், ஆனால் சாலையிலிருந்து பார்த்தாலே முக்கால்வாசி பார்த்த மாதிரி. வண்டியை ஓரம் கட்டச் சொல்லி ஒரு படம் எடுத்துக்கொண்டு நகருங்கள்.

உங்கள் குடும்பத்துக்கு நான் போடும் திட்டம்: எட்டரைக்குக் கிளம்பி, ஒயின் தோட்டங்கள் நிறைந்த கியாந்தி மலைப்பகுதி வழியாகத் தெற்கே. எஸ்.ஆர். 222 என்று ஒரு சாலை, கியாந்திஜானா என்பார்கள். வளைவுகள் உண்டு, ஆனால் போடிமெட்டு ஏறிய வயிற்றுக்கு அது ஒன்றுமே இல்லை. கிரேவேயில் முக்கோண வடிவச் சந்தைச் சதுக்கம், சுற்றிலும் வளைவு மண்டபம், காபிக்கு நிறுத்த நல்ல இடம், சமதளம். அப்புறம் தோட்டம், அங்கேயே சாப்பாடு. மூன்றரை மணி வாக்கில் சான் ஜிமிஞ்யானோ. பகலில் வந்த சுற்றுலா பஸ்கள் கிளம்பத் தொடங்கும் நேரம் அது, தெருவில் மூச்சு விடலாம். திரும்பும்போது சியெனா பிளாரன்ஸ் நாலு வழிச் சாலை, சுங்கம் கிடையாது.

சியெனாவை விட்டுவிடுங்கள் என்றா சொல்கிறேன்? இல்லை, அதற்கு வேன் காசு கொடுக்காதீர்கள் என்கிறேன். பிளாரன்ஸிலிருந்து நேரடி பஸ் உண்டு, ஒன்றேகால் மணி நேரம். இன்னொரு நாள் அதில் போங்கள். காம்போ சதுக்கம் ஒரு சிப்பியைக் கவிழ்க்காமல் வைத்த மாதிரி நடுவில் சரிந்து இறங்கும். செங்கல் தரை, வெள்ளைக் கல் கோடுகள் அதை ஒன்பது பாகமாகப் பிரிக்கும். ஜூலை 2லும் ஆகஸ்ட் 16லும் குதிரைப் பந்தயம் நடப்பது அதைச் சுற்றித்தான். மற்ற நாளில் ஊரே அந்தச் சரிவில் உட்கார்ந்திருக்கும். அப்பாவும் உட்காரலாம், யாரும் எழுப்ப மாட்டார்கள். சான் ஜிமிஞ்யானோவுக்கு ரயில் கிடையாது, பஸ்ஸில் போனால் பெரும்பாலும் பொஜ்ஜிபோன்சியில் மாற வேண்டும். அதனால் வேனை அங்கே செலவு செய்வதுதான் புத்தி.

வண்டி எதுவரை போகும் என்று கேட்டீர்கள். காசு கொடுப்பதே அதற்குத்தான். இந்த ஊர்களின் மையத்தில் வெளி வண்டிகளுக்குத் தடை, கேமரா வைத்திருப்பார்கள். வாடகை வண்டிக்கென்று அங்கே ஒரு உரிமம் இருக்கிறது, என்.சி.சி. என்று பெயர் (நம்ம காக்கிச் சட்டை என்.சி.சி. இல்லை, நோலெஜ்ஜோ கோன் கொந்துச்சென்தே). அது உள்ள வண்டி பிளாரன்ஸில் உங்கள் ஓட்டல் வாசலுக்கே வரலாம். சான் ஜிமிஞ்யானோவில் தெற்கு வாசலான போர்த்தா சான் ஜொவான்னி அருகே இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து கிணற்றுச் சதுக்கம் வரை ஒரே தெரு, நேராக ஏற்றம். அதை அப்பா நடந்தே ஆகணும். அந்த ஊரில் ஒரு காலத்தில் 72 கோபுரம் இருந்ததாகச் சொல்வார்கள். பணக்காரக் குடும்பங்கள் போட்டி போட்டுக் கட்டியவை. இப்போது 14 நிற்கிறது. எதிலும் ஏறச் சொல்லாதீர்கள். சதுக்கத்து நடுவில் பழைய கல் கிணறு, அதைச் சுற்றிப் படிக்கட்டு. அதில் உட்கார்ந்தால் மேலே அண்ணாந்து பார்ப்பது மட்டும்தான் வேலை.

இன்னொன்று: டிரைவர் வேறு, கைடு வேறு. வண்டிக்குள் கதை சொல்வார், உள்ளே வந்து விளக்க அங்கே கைடுக்குத் தனி உரிமம் வேண்டும். "இறக்கிவிட்டுப் போய்விட்டாரே" என்று கோபப்படாதீர்கள். நான் பட்டேன்.

கொழிஞ்சாம்பாறை குமார்:

எதற்கு இவ்வளவு செலவு? இந்திய லைசென்ஸோடு சர்வதேச பெர்மிட் எடுத்தால் கார் வாடகைக்கு எடுத்து நீங்களே ஓட்டலாம். நான் ஓட்டினேன். சாலை வெண்ணெய்.

சரி, உண்மையையும் சொல்லிவிடுகிறேன். ஊர் திரும்பி ஏழு மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது, பிளாரன்ஸ் தடை மண்டலத்துக்குள் போனதற்கு அபராதம். ஓட்டல் தேடி இரண்டு முறை சுற்றியிருக்கிறேன், இரண்டு அபராதம். அதற்கு முன்பே கார் கம்பெனி என் விவரத்தைப் போலீசுக்குக் கொடுத்த வேலைக்கென்று கார்டில் தனியாகப் பிடித்துவிட்டது. மொத்தம் கூட்டினால் டிரைவர் காசில் பாதி. கோவிந்தாபுரம் செக்போஸ்ட்டில் நின்று பேசித் தீர்க்கிற மாதிரி கேமராவிடம் பேச முடியாது.

குமுளி ஜீப்:

நான் இத்தாலி போனதில்லை. இருபத்திரண்டு வருஷமாக டூரிஸ்ட் வண்டி ஓட்டுகிறேன், அந்தப் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன்.

தேக்கடிக்கு வருகிறவர்கள் கேட்பார்கள்: ஒரே நாளில் படகு, மசாலாத் தோட்டம், மூணாறு, சாயந்திரம் மதுரையில் ரயில். குமுளியிலிருந்து மூணாறுக்கே மூன்று மணி நேரத்துக்கு மேல். முடியாது என்று சொன்னால் அடுத்த வண்டிக்குப் போய்விடுவார்கள், அதனால் பல டிரைவர் "பாத்துக்கலாம் சார்" என்பான். உங்களுக்கு ஐந்து ஊர்த் திட்டம் கொடுத்தவரும் அந்த ஊர் "பாத்துக்கலாம் சார்"தான். அவரிடம் கேளுங்கள்: "உங்கள் அப்பாவைக் கூட்டிப் போனால் எத்தனை ஊர் போவீர்கள்?" நிஜம் வெளியே வரும்.

எட்டு மணி நேரம் என்றால் எங்கிருந்து எங்கே, அதற்கு மேல் மணிக்கு எவ்வளவு, பார்க்கிங் யார் தலையில் என்று முன்னாடியே எழுத்தில் வாங்குங்கள். வழியில் நிறுத்தச் சொல்லக் கூச்சப்படாதீர்கள். ஆனால் வளைவில் நிறுத்தச் சொல்லாதீர்கள்.

பாலக்காட்டு மாமி:

கொழந்தே, அம்மா சாப்பாட்டைப் பத்திக் கவலையே வேண்டாம், ரெண்டு எடத்துல மட்டும் ஜாக்கிரதை. டஸ்கனி ரொட்டியில் உப்பே போட மாட்டார்கள். முதல் வாய்க்கு என்னடா இது என்று இருக்கும், ஆலிவ் எண்ணெயும் உப்பும் கேட்டுத் தொட்டுக்கணும். ரிபொல்லீத்தா என்று ஒரு கஞ்சி மாதிரி, நேத்து ரொட்டி, வெள்ளைப் பயறு, கரும்பச்சை முட்டைக்கோஸ் எல்லாம் போட்டுக் கொதிக்க வைப்பது. நம்மாத்து மொளகூட்டலுக்கு ஒன்றுவிட்ட தங்கை. ஆனால் மாமிசச் சாறு விட்டிருக்கா என்று கேட்டே ஆகணும், மேலே பார்த்தால் தெரியாது. "சென்சா கார்னே, சென்சா புரோதோ" (கறி இல்லாமல், சாறு இல்லாமல்) என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கோ. பீச்சி என்று கையால் உருட்டின தடிச் சேமியா, பூண்டும் தக்காளியும் போட்டுத் தருவார்கள், பேஷ். பெக்கோரீனோ செம்மறி ஆட்டுப்பால் சீஸ், அதை உறைய வைக்க வழக்கமாகக் கன்று அல்லது குட்டியின் இரைப்பைச் சத்து சேர்ப்பார்கள். புரட்டாசி விரதம் அவ்வளவு கடுசு என்றால் அதையும் விட்டுடணும்.

சுருளிப்பட்டி பன்னீர் (போய் வந்து எழுதியது):

அண்ணே, மாமி, எல்லோருக்கும் நன்றி. செங்கோட்டை அண்ணன் போட்ட திட்டத்தையே எடுத்தோம். 640 யூரோ. குமுளி அண்ணன் சொன்ன கேள்வியைத் தங்கச்சி இத்தாலியனில் எழுதிக் கேட்டாள். "என் அப்பாவாக இருந்தால் இரண்டு" என்று பதில் வந்தது. அவரையே பிடித்தோம்.

கிரேவே தாண்டி ஒரு சின்னத் தோட்டம். அறுவடை நடந்துகொண்டிருந்தது. அப்பா வண்டியிலிருந்து இறங்கியதும் முட்டி வலியை மறந்துவிட்டார். அங்கே பந்தல் இல்லை. வரிசை வரிசையாகக் கம்பி, கொடி இடுப்பு உயரம், குலை முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே. நம்ம தோட்டத்தில் நிமிர்ந்து வெட்டுகிறோம், அவர்கள் குனிந்து வெட்டுகிறார்கள். அப்பா ஒரு குலையைக் கையில் ஏந்திப் பார்த்தார். சாஞ்ஜொவேசே என்ற ரகம். காய் சின்னது, ஒன்றை வாயில் போட்டு விதையை உள்ளங்கையில் துப்பி எண்ணினார். "பன்னீர்ல இருக்கிற வாசம் இதுல இல்ல. ஆனா சாறு கெட்டி."

அப்புறம் ஒரு இலையைத் திருப்பினார். ஓரத்தில் லேசான நீலத் திட்டு. "மயில்துத்தம், சுண்ணாம்பு" என்றார். தங்கச்சி மொழிபெயர்ப்பதற்குள் தோட்டக்காரர் தலையை ஆட்டினார், 'போர்டோ கலவை' என்று நான் சொன்னது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். வரிசை முனையில் ரோஜாச் செடி வைத்திருந்தார்கள். அழகுக்கு என்று நினைத்தேன். சாம்பல் நோய் ரோஜாவில் முதலில் தெரியும், பார்த்து மருந்தடிக்கலாம் என்று வைத்த பழைய வழக்கமாம். அப்பா ஊருக்கு வந்ததும் இரண்டு செடி வாங்கி வைத்துவிட்டார்.

வருஷத்துக்கு ஒரே வெட்டுதான், தண்ணீரும் பாய்ச்சுவதில்லை, மழையை நம்பித்தான் என்றார்கள். நாங்கள் இரண்டு வருஷத்தில் ஐந்து வெட்டு எடுக்கிறோம் என்று அப்பா சொன்னதை அந்த மனிதர் நம்பவில்லை. பென்னிகுயிக் அணை, முல்லைப் பெரியாறு, மலைக்கு அந்தப் பக்கம் ஓடிய தண்ணீரை இந்தப் பக்கம் திருப்பியது எல்லாவற்றையும் அப்பா கையாலேயே வரைந்து காட்டினார். அதற்கு ஒரு மணி நேரம் போயிற்று. காய் பருக்கும் காலத்தில் பாதிக் குலையை வெட்டிக் கீழே போடுவார்களாம், மிச்சத்தில் சுவை ஏற. இதைக் கேட்டுத்தான் அப்பா முகம் வாடிவிட்டது. வண்டியில் ஏறிய பிறகும் "கீழயா போடுவான்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

ஒயின் குடிக்கவில்லை. யாரும் வற்புறுத்தவும் இல்லை, அன்றைக்குப் பிழிந்த சாற்றை ஒரு கிளாஸில் கொடுத்தார்கள். டேஸ்டிங் காசு நாங்கள் ஐந்து பேருக்கும் கட்டினோம், அது பரவாயில்லை.

சான் ஜிமிஞ்யானோவுக்கு நாலரைக்குத்தான் போய்ச் சேர்ந்தோம். அப்பா கிணற்றுப் படியில் உட்கார்ந்து கோபுரங்களை ஒரு தடவை பார்த்தார், உள்ளே எட்டிப் பார்த்து "தண்ணி எவ்வளவு ஆழம்?" என்றார். அவ்வளவுதான். கூடுதல் ஒரு மணி நேரத்துக்கு 70 யூரோ. டிரைவர் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை, வழக்கம் இல்லை என்றார். அம்மா விடவில்லை, இறங்கும்போது ஒரு பை அதிரசத்தைக் கையில் திணித்தார். நான் தனியாக 20 யூரோ கொடுத்தேன்.

குமுளி ஜீப்:

எல்லாம் சரி தம்பி. என்ன வண்டி என்று சொல்லவே இல்லையே? டீசலா?

சுருளிப்பட்டி பன்னீர்:

கருப்பு மெர்சிடிஸ் வேன், டீசல்தான் அண்ணே. மைலேஜ் எவ்வளவு என்று அப்பா கேட்டார், தங்கச்சி மொழிபெயர்க்க மறுத்துவிட்டாள்.