உணவு அலர்ஜி: அடுப்படியிலும் அவசரத்திலும் கவனிக்க வேண்டியவை – அனுபவப் பகிர்வு

குழந்தைகள் அவசரப் பிரிவு செவிலியர்

உணவு அலர்ஜியில் கைமீறிப் போகும் கேஸ்களில் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒன்றுதான்: அட்ரினலின் ஊசி தாமதமாகியிருக்கும். முதலில் வீட்டில் ஒரு செட்ரிசின். பிறகு தெருமுனை கிளினிக்கில் ஒரு அவில் ஊசி, கூடவே ஒரு ஸ்டீராய்டு ஊசி. அரை மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம்தான் பெரிய ஆஸ்பத்திரி. அவிலும் செட்ரிசினும் அரிப்பையும் தடிப்பையும் குறைக்கும். மூச்சுக்குழல் சுருங்குவதையும் ரத்த அழுத்தம் விழுவதையும் அவற்றால் நிறுத்த முடியாது. ஸ்டீராய்டு வேலை செய்யத் தொடங்கவே பல மணி நேரம் ஆகும். தடிப்பு அடங்கியதும் "சரியாப் போச்சு" என்று வீட்டுக்குக் கூட்டிப் போகிறார்கள். உள்ளே நடப்பது நின்றிருக்காது.

உடம்பில் தடிப்பு, உதடு வீக்கம் மட்டும் என்றால் கூடவே இருந்து கவனிக்கலாம். அதோடு கரகரத்த குரல், விடாத இருமல், இழுப்பு, எச்சில் விழுங்க முடியாமை, திரும்பத் திரும்ப வாந்தி, மயக்கம் என்று எது சேர்ந்தாலும் அது அனாஃபிலாக்சிஸ், அதாவது உயிருக்கே ஆபத்தான கடும் அலர்ஜி. சிலருக்குத் தோலில் எதுவுமே தெரியாது. நேரே மூச்சில்தான் ஆரம்பிக்கும். பேச்சு வராத கைக்குழந்தை என்றால் திடீரென்று சத்தம் அடங்கித் துவண்டு போவதே அறிகுறியாக இருக்கலாம். பெரும்பாலும் சாப்பிட்ட சில நிமிடங்களில் தொடங்கும். 2 மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும்.

இந்தியாவில் பேனா வடிவ அட்ரினலின் ஊசி சாதாரண மருந்துக் கடைகளில் கிடைப்பதில்லை. அதனால் ஆபத்து அதிகமுள்ள பிள்ளைகளுக்குச் சில மருத்துவர்கள் அட்ரினலின் ஆம்பூலும் (சின்ன மருந்துக் குப்பி) சிரிஞ்சும் கொடுத்து, போடும் முறையையும் சொல்லித் தருகிறார்கள். ஆம்பூலில் 1 மி.லி.க்கு 1 மி.கி. மருந்து இருக்கும். எடை ஒரு கிலோவுக்கு 0.01 மி.லி. கணக்கு: 15 கிலோ குழந்தைக்கு 0.15 மி.லி., 30 கிலோவுக்கு 0.3 மி.லி., பெரியவர்களுக்கு அதிகபட்சம் 0.5 மி.லி. தொடையின் வெளிப்பக்க நடுவில், தசைக்குள் போட வேண்டும். இந்த அளவை ரத்தக் குழாயில் ஏற்றவே கூடாது, இதயத் துடிப்பு தாறுமாறாகிவிடும். உங்கள் பிள்ளைக்கு உரிய அளவை மருத்துவர் கையால் எழுதி வாங்கி, டப்பாவின் மூடியில் ஒட்டி வையுங்கள். பதற்றத்தில் யாருக்கும் கணக்கு வராது.

தப்பு நடக்கும் இடம் சிரிஞ்சு. கடைக்காரர் இன்சுலின் சிரிஞ்சைக் கொடுத்துவிடுவார். அதில் கோடுகள் யூனிட் கணக்கில் இருக்கும்; 1 மி.லி.யை 40 ஆகப் பிரித்ததும் உண்டு, 100 ஆகப் பிரித்ததும் உண்டு. 0.15 எங்கே என்று யாராலும் சொல்ல முடியாது. ஊசிமுனையும் குட்டை, தசைக்குள் போகாமல் தோலுக்கடியிலேயே நின்றுவிடும். மி.லி. கோடு போட்ட 1 மி.லி. டியூபர்குலின் சிரிஞ்சு, ஒரு அங்குல ஊசி என்று கேட்டு வாங்குங்கள். மருந்து பழுப்போ இளஞ்சிவப்போ ஆகியிருந்தால் தூக்கிப் போட வேண்டும். 25 டிகிரிக்குள், வெளிச்சம் படாமல் இருக்கட்டும். வெயிலில் நிறுத்திய காரிலோ பைக் பெட்டியிலோ வைத்தால் வீணாகிவிடும். ஃப்ரீசரும் கூடாது.

ஊசி போட்டதும் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் கால் நீட்டி உட்காரலாம். எழுந்து நடக்கவோ, தோளில் தூக்கிக்கொண்டு ஓடவோ வேண்டாம். திடீரென்று நிமிர்த்தினால் ரத்தம் காலில் இறங்கி இதயம் நின்றே போகலாம். 108-க்குச் சொல்லுங்கள். 5 நிமிடத்தில் தெளிவு வராவிட்டால் இரண்டாவது ஊசி. நன்றாக ஆன பிறகும் பல மணி நேரம் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும், மறுபடி கிளம்பி வருவது உண்டு. ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாத பிள்ளைகளுக்குத்தான் நிலைமை மிக மோசமாகிறது. அவர்கள் இன்ஹேலரை ஒழுங்காக எடுப்பதும் அலர்ஜி மேலாண்மையில் சேர்ந்ததே.

இன்னொன்று. திடீர் தடிப்பு என்றாலே காணாக்கடி என்று வெற்றிலையும் மிளகும் மெல்லக் கொடுக்கிற வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. தொண்டை வீங்கிக்கொண்டிருக்கும்போது வாயில் எதையும் போடாதீர்கள். தடிப்பு வந்ததற்கு முந்தைய 2 மணி நேரத்தில் சாப்பிட்டது, குடித்தது, போட்ட மாத்திரை எல்லாவற்றையும் அன்றே எழுதி வையுங்கள். மறுநாள் நினைவிலிருந்து சொல்வதில் பாதி விட்டுப்போகும்.

கல்யாணச் சமையல் ஒப்பந்ததாரர்

செவிலியர் அம்மா சொன்ன நிலைமைக்குப் போகாமல் இருக்க, பந்தியில் எங்கே என்ன ஒளிந்திருக்கிறது என்று சொல்கிறேன்.

வேர்க்கடலை என்றால் எல்லோரும் எலுமிச்சைச் சாதம், புளியோதரை, கடலை உருண்டையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வெள்ளைச் சட்னியைக் கெட்டியாக்கப் பொட்டுக்கடலையோடு ஒரு பிடி வேர்க்கடலையும் சேர்ப்பது சாதாரணம். கத்திரிக்காய் எண்ணெய்க் குழம்பு மசாலாவில் வரும். இனிப்பின் மேல் தூவும் பச்சைச் சீவலில் சாயம் ஏற்றிய வேர்க்கடலை பிஸ்தா என்ற பெயரில் வருவதும் உண்டு. எண்ணெயைத் தனியாகக் கேளுங்கள். நன்கு சுத்திகரித்த கடலை எண்ணெயில் புரதம் அநேகமாக இருக்காது. மரச்செக்கில் ஆட்டிய எண்ணெயில் புரதம் தங்கியிருக்கும். அடியில் கசடு தெரிகிறதே, அதிலும் இருக்கிறது. உடம்புக்கு நல்லது என்று செக்கெண்ணெய்க்கு மாறிய வீடுகள் இதை யோசிப்பதில்லை. எள் அலர்ஜிக்காரர்களுக்கு நல்லெண்ணெயும் அப்படியே.

முந்திரி அரைத்து ஊற்றாத குருமா இப்போது அரிது. முந்திரி ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பிஸ்தாவும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளாது, இரண்டும் ஒரே குடும்பம். பால் அலர்ஜி என்றால் மோர்க்குழம்பும் பாயசமும் மட்டும் கணக்கில்லை. தோசைக்கல்லில் தடவிய வெண்ணெய், பருப்பில் விட்ட நெய், பரோட்டா மாவில் பிசைந்த பால் எல்லாம் சேரும். கோதுமை ஆகாதவர்கள் பெருங்காயத்தைப் பாருங்கள். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். அது சாம்பார், ரசம், ஊறுகாய் என்று எல்லாவற்றிலும் போகிறது. அரிசி மாவு சேர்த்த பெருங்காயமும் கிடைக்கிறது. டப்பாவைத் திருப்பிப் படித்து வாங்கலாம்.

பந்தியில் மோசம் செய்வது கரண்டி. புளியோதரை பரிமாறிய தம்பி அதே கரண்டியைத் தயிர்சாத வாளியில் போட்டுவிட்டுப் போவான். அப்பளம் பொரித்த எண்ணெயில் கடலைப் பக்கோடா விழுந்திருக்கும். அதனால் அந்தப் பிள்ளையின் பங்கை அடுப்பு பற்றவைத்ததும் முதல் வேலையாகப் புதுச் சட்டியில் செய்து, மூடியுள்ள தூக்கில் எடுத்து, பெயர் எழுதி ஒதுக்கி வைத்துவிடுவோம். பந்தியில் இலைக்கு வராது. பெற்றோர் கையில் நேராகப் போகும். முந்தின நாள் சொன்னால் எந்தச் சமையற்காரரும் இதைச் செய்து தருவார். சாப்பிட உட்கார்ந்த பிறகு சொன்னால் ஒன்றும் செய்ய முடியாது.

மிக்ஸி ஜாரில் மூடியின் ரப்பர் வாஷரைக் கழற்றிக் கழுவாமல் விட்டால் அதற்குள் பழைய சட்னி நிற்கும். பிளேடுக்கு அடியிலும் அப்படித்தான். அம்மியிலும் ஆட்டுக்கல்லிலும் துளைகளுக்குள் இறங்கியதை எடுக்கவே முடியாது, தனி ஜார்தான் வழி. கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். சானிடைசர் கிருமியைக் கொல்லும், கடலைப் புரதத்தை அகற்றாது.

குழந்தை உணவியல் ஆலோசகர்

சத்துமாவைப் பற்றி யாராவது சொல்வார்கள் என்று பார்த்தேன். ஆறு மாதக் குழந்தைக்கு முதல் உணவாகவே கேழ்வரகு, கோதுமை, கொண்டைக்கடலை, வேர்க்கடலை, முந்திரி, பாதாம், சோயா எல்லாம் வறுத்து அரைத்த மாவைக் காய்ச்சிக் கொடுக்கிறார்கள். தடிப்பு வந்தால் பதினைந்து பொருளில் எது காரணம்? யாருக்கும் தெரியாது. பயத்தில் எல்லாவற்றையும் நிறுத்துவார்கள், குழந்தை எடை குறையும். ஒவ்வொரு பொருளாக, காலை வேளையில், கால் டீஸ்பூன் அளவில் தொடங்கி, இரண்டு மூன்று நாள் பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். எல்லாம் ஒத்துக்கொண்ட பிறகு சேர்த்து அரைக்கலாம்.

மாவு மில்லும் இதில் சேரும். முன்னால் போனவர் கோதுமை அரைத்திருந்தால், அடுத்து விழும் கேழ்வரகு மாவின் முதல் பகுதியில் கோதுமை கட்டாயம் கலந்திருக்கும். கடுமையான அலர்ஜிக்கு மில் மாவே வேண்டாம், வீட்டு மிக்ஸியில் அரைத்துச் சலியுங்கள்.

வேர்க்கடலையைத் தள்ளிப் போட்டால் பாதுகாப்பு என்ற பழைய அறிவுரை மாறிவிட்டது. லண்டனில் நடந்து 2015-இல் வெளிவந்த லீப் ஆய்வில், கடும் கரப்பானோ (எக்ஸிமா) முட்டை அலர்ஜியோ இருந்த 640 குழந்தைகளில் ஒரு பாதிக்கு 4 முதல் 11 மாதத்துக்குள்ளேயே வேர்க்கடலை தொடங்கித் தொடர்ந்து கொடுத்தார்கள். 5 வயதில் அவர்களிடம் வேர்க்கடலை அலர்ஜி ஏறக்குறைய 80 சதவீதம் குறைவு. கரப்பான் கடுமையாக உள்ள குழந்தைக்கு மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். மையாக அரைத்து வெந்நீரில் கரைத்துத்தான் கொடுக்க வேண்டும். முழுக் கடலை 5 வயது வரை வேண்டாம், மூச்சுக்குழலில் அடைத்துக்கொள்ளும்.

பசும்பால் அலர்ஜிக்கு ஆட்டுப்பால் மாற்று என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். இரண்டின் புரதமும் மிக நெருக்கம். பத்தில் ஒன்பது குழந்தைக்கு ஆட்டுப்பாலும் ஆகாது. எருமைப்பாலும் அப்படியே. லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாமை வேறு. அதில் வயிறு உப்பும், பேதியாகும், உயிருக்கு ஆபத்தில்லை. அந்தப் பிள்ளைகளுக்கான லாக்டோஸ் நீக்கிய பாலைப் பால் அலர்ஜி உள்ள குழந்தைக்குக் கொடுத்தால் ஆபத்து, புரதம் அதில் முழுசாக இருக்கிறது.

பாக்கெட் உணவில் இந்திய லேபிள் விதி 2020-இன்படி பசையமுள்ள தானியங்கள், இறால் நண்டு வகை, பால், முட்டை, மீன், வேர்க்கடலையும் கொட்டைப் பருப்புகளும், சோயா, குறிப்பிட்ட அளவுக்கு மேலான சல்ஃபைட் ஆகியவற்றைத் தனியாக அறிவிக்க வேண்டும். எள்ளும் கடுகும் அந்தப் பட்டியலில் இல்லை. அவற்றை மூலப்பொருள் வரிசையில் நீங்களே தேட வேண்டும். பச்சைப் புள்ளி இருந்தால் பால் இல்லை என்று அர்த்தமல்ல.

மீன் இறங்குதளச் சுகாதார ஆய்வாளர்

சூரை, அயிலை சாப்பிட்டு முகம் சிவந்து தலை வலித்தால் அது மீன் அலர்ஜியாக இல்லாமலும் இருக்கலாம். ஐஸ் இல்லாமல் கிடந்த மீனில் பாக்டீரியா, அலர்ஜி மாதிரியே அறிகுறி தரும் ஹிஸ்டமின் என்ற பொருளை உண்டாக்கிவிடும். எவ்வளவு கொதித்தாலும் அது அழியாது. நாக்கில் மிளகு மாதிரிச் சுருக்கென்று இருக்கும்; அதே மீனைச் சாப்பிட்ட பலருக்கும் ஒரு மணி நேரத்துக்குள் வரும். இதைச் சொல்லாமல் விட்டால் அந்த ஆள் வாழ்நாள் முழுக்க மீனை ஒதுக்குவார். மீனும் ஐஸும் ஒன்றுக்கு ஒன்று என்ற அளவில் போட்டு வந்த சரக்கை வாங்குங்கள்.

இறால் அலர்ஜி வேறு. அந்தப் புரதம் வேகவைத்தாலும் கெடாது. சிலருக்கு இறால் கொதிக்கும் ஆவியே போதும், இழுப்பு வந்துவிடும். சென்னாக்கூனிப் பொடி (காய்ந்த பொடி இறால்) போட்ட சம்பலையும் குழம்பையும் மறந்துவிடாதீர்கள். நண்டும் பெரும்பாலும் ஆகாது. இறால் ஆகாதவர் வஞ்சிரம் சாப்பிடலாமா என்றால், புரதம் வேறு என்பதால் பலருக்கு ஆகும். மருத்துவரிடம் உறுதிசெய்துகொண்டு சாப்பிடலாம். கருணைக்கிழங்கு அரிப்பு அலர்ஜியே இல்லை, அதில் ஊசி வடிவ ஆக்சலேட் படிகங்கள் குத்துகின்றன.

அலர்ஜி பரிசோதனைக்கூட நிபுணர்

ஒரே ரத்தச் சொட்டில் இருநூறு உணவு என்று விற்கும் ஐ.ஜி.ஜி. பரிசோதனைக்குக் காசைக் கொட்டாதீர்கள். ஐ.ஜி.ஜி. என்பது ரத்தத்தில் உள்ள ஒரு வகை எதிர்ப்புப் புரதம்; ஒரு உணவைச் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்பதைத்தான் அது காட்டும். அலர்ஜிக்குப் பார்க்க வேண்டியது ஐ.ஜி.இ. என்ற வேறொரு எதிர்ப்புப் புரதத்தை. அதிலும் பாசிட்டிவ் என்றால் உடம்பு அடையாளம் கண்டிருக்கிறது என்று மட்டுமே பொருள். சாப்பிட்டு எதுவும் ஆகாத உணவை, ரிப்போர்ட்டில் பாசிட்டிவ் என்பதற்காக நிறுத்தக் கூடாது. கைக்குழந்தைகளிடம் இப்படி நிறுத்தியே நிஜ அலர்ஜியை வரவழைப்பதும் நடக்கிறது.

தோல் பரிசோதனையில் 15 நிமிடம் கழித்து, வெறும் உப்புநீர் இட்ட இடத்தைவிட 3 மி.மீ. பெரிதாகத் தடித்தால் பாசிட்டிவ். ஒரு வாரத்துக்கு முன்பே செட்ரிசின் வகை மாத்திரைகளை நிறுத்தியிருக்க வேண்டும், சளி மருந்துக்குள் இருப்பதையும் சேர்த்து. இல்லாவிட்டால் எல்லாமே நெகட்டிவாக வரும். கடைசி முடிவு, மருத்துவமனையில் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வைத்துப் பார்ப்பதுதான். அதை வீட்டில் முயலவே கூடாது.

உடற்கல்வி ஆசிரியை

பள்ளியில் சத்துணவு முட்டைக்கு மாற்றாக வாழைப்பழம் உண்டு, அது பிரச்சினை இல்லை. பிறந்தநாள் சாக்லேட்தான் கைமீறுகிறது. அலர்ஜி உள்ள பிள்ளைக்கென்று பெற்றோர் ஒரு டப்பா மிட்டாயை வகுப்பாசிரியரிடம் முன்பே கொடுத்து வைத்தால் பிள்ளைக்கு ஏக்கமும் இருக்காது. ஊசி டப்பா பீரோவில் பூட்டப்படக் கூடாது.

ஒரு கேள்வி. சப்பாத்தியோ ரவை உப்புமாவோ சாப்பிட்டுவிட்டுக் கிரவுண்டில் ஓடினால் மட்டும் ஒரு மாணவிக்கு உடம்பெல்லாம் தடித்து மயக்கம் வருகிறது. சாப்பிட்டுவிட்டுச் சும்மா இருந்தால் ஒன்றும் இல்லை. வெயில் என்கிறார்கள். இது எதனால்?

அலர்ஜி பரிசோதனைக்கூட நிபுணர்

டீச்சர், வெயில் என்று விட்டுவிடாதீர்கள். கோதுமையும் உடற்பயிற்சியும் சேர்ந்தால் மட்டும் வரும் அனாஃபிலாக்சிஸ் இது என்று சந்தேகிக்க வேண்டும். சாதாரணக் கோதுமை ஐ.ஜி.இ. இதில் நெகட்டிவாக வரலாம். ஒமேகா-5 கிளையாடின் என்ற கோதுமைப் புரதத்தின் பெயரைச் சொல்லி ஐ.ஜி.இ. பார்க்கச் சொல்லுங்கள். இப்யூப்ரோஃபென், ஆஸ்பிரின் மாத்திரை போட்ட நாளில் குறைந்த ஓட்டத்திலேயே வந்துவிடும்; மாதவிடாய் வலிக்குப் போடும் மாத்திரைகளையும் விசாரியுங்கள். மருத்துவரைப் பார்க்கும்வரை, கோதுமை சாப்பிட்டு குறைந்தது 4 மணி நேரம் ஓட்டமோ விளையாட்டோ வேண்டாம். ரவை, சேமியா, மைதா பிஸ்கட் எல்லாம் கோதுமைதான். விளையாட்டு உள்ள நாளில் காலைக்கு இட்லி, மதியம் சோறு என்று வைத்துக்கொள்ளட்டும். ஓடும்போது உள்ளங்கை அரிக்கத் தொடங்கினாலே நிறுத்திப் படுக்க வைக்க வேண்டும். ஒரு ரவுண்டு முடித்துவிட்டு வரட்டும் என்று விடக் கூடாது.