நோட்டில் எண் இறங்கிய பிறகும்

வேலூரிலிருந்து:

1984-ல், 18 வயதில், இங்கே ஒரு தேகப்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தேன். ஓட்டுக் கொட்டகை, சிமெண்டுத் தரை, சுவரில் ஆஞ்சநேயர் படம், மூலையில் தூசி படிந்த இரண்டு கர்லாக்கட்டை. சேர்ந்த அன்றே மாஸ்டர் இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கி வரச் சொன்னார். என்ன தூக்கினேன், எத்தனை தடவை என்று தேதி போட்டு எழுத வேண்டும். இன்றுவரை எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் பளு தூக்குவது அதிசயமில்லை. சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் 2014-ல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் இரண்டு வகைத் தூக்கலும் சேர்த்து 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார் என்றால், அதற்குப் பின்னால் இந்த மாதிரிக் கொட்டகைகளில் தோள் தேய்ந்த பல பேர் இருக்கிறார்கள். பெயர் வராத அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன்.

1996-ல் ஸ்குவாட், அதாவது கம்பியைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது, 140 கிலோ. அதுதான் என் உச்சம் என்று அப்போது தெரியாது. அதற்கு அப்புறம் வந்த பக்கங்களைப் புரட்டினால் எனக்கே பாவமாக இருக்கும்: 140, 140, 135, ‘முதுகுப் பிடிப்பு, லீவு’, 130. நாற்பதைத் தாண்டியதும் எண் இறங்குவது நிற்கவே இல்லை. 2011-ல், சரி, மானத்தோடு விட்டுவிடலாம் என்று நினைத்திருந்த சமயத்தில்தான் அந்தப் பெரியவர் வந்தார்.

72 வயது. தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். விடியற்காலை ஐந்தரைக்கு சைக்கிளில் வருவார். 20 கிலோ கம்பியில் பக்கத்துக்கு ஒரு 5 கிலோ பிளேட். ஆக 30. தரையிலிருந்து இடுப்பு வரை தூக்குவார், வைப்பார். பத்து தடவை. கொஞ்சம் உட்காருவார். மறுபடி பத்து. ஒரு வருடம் பார்த்தேன், அந்த எடையை அவர் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

ஒருநாள் கேட்டேன், “ஏன் ஐயா எப்பவும் முப்பதே?”

“கேஸ் சிலிண்டர் அவ்ளோதான் இருக்கும்பா.”

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வீட்டு சிலிண்டரில் கேஸ் 14.2 கிலோ, இரும்பையும் சேர்த்தால் முப்பது கிட்ட வரும். அவர் வீடு இரண்டாவது மாடி. மனைவிக்கு முட்டி வலி. படியேற்றுவது இவர் வேலை.

அந்தக் காலத்தில் நூறு கிலோவுக்கு மேல் தூக்கியவராம். “இப்போ முப்பதுன்னு வருத்தமா இல்லையா?” என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். “அதையும் கீழதானே வெச்சேன் தம்பி.”

அவர் கீழே வைக்கும் விதம் அதற்கு அப்புறம்தான் கண்ணில் பட்டது. தரையில் பழைய துண்டை நாலாக மடித்துப் போட்டிருப்பார். கம்பியை மெதுவாக இறக்கி, சத்தம் வராமல் அதன் மேல் உட்கார வைப்பார். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருந்தது. நாங்களெல்லாம் தூக்கியதோடு வேலை முடிந்தது என்று டமால் என்று போடுகிற ஆட்கள். எடையை இறக்கும்போதும் தசை இழுபட்டபடி தாங்கிக்கொண்டுதான் இருக்கிறது; படியிறங்குவதும் நாற்காலியில் உட்காருவதும் அதே வேலைதான். வயதானால் பலர் தடுமாறுவது அங்கேதான்.

‘இந்த வயதில் வெயிட் எதற்கு’ என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது பாஸ்டன் கதை. 1990-ல் வெளியான ஆய்வு. முதியோர் இல்லத்தில் இருந்த தொண்ணூறு வயதுக்காரர்கள் சிலருக்கு எட்டு வாரம் கால்களுக்குப் பளுப் பயிற்சி கொடுத்தார்கள். வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. ஆனால் நான் விடாமல் இருப்பது அந்த ஆய்வால் இல்லை, அந்தத் துண்டால்.

இப்போது ஸ்குவாட் 60. நோட்டில் புதிதாக ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன்: ‘இறக்கியது எப்படி’. பெரும்பாலும் ‘சுமார்’ என்றுதான் எழுதுகிறேன்.

நெல்லைப் பக்கத்திலிருந்து:

அண்ணா, எங்கள் ஊர்க் கோயில் பக்கத்தில் ஒரு இளவட்டக்கல் கிடக்கிறது. வழவழவென்று உருண்டை, பிடிக்க ஒரு பிடிமானம் இருக்காது. அதைத் தூக்கினால்தான் பெண் கொடுப்பார்கள் என்று ஒரு காலம். தாத்தா முறை சொல்லித் தருவார்: குத்தவைத்துக் கல்லை அணைத்துக்கொள், மடிக்கு ஏற்று, மூச்சு வாங்கு, அப்புறம் நெஞ்சு, அப்புறம் தோள், பின்னால் தள்ளு. சொல்லிக் கொடுத்தது என் தம்பிக்கு. திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது நான்.

41 வயதில் ஜிம்மில் சேர்ந்தேன். இரண்டு வருடம் கழித்து, பொங்கலன்று இருட்டு விலகுவதற்குள் போய் அதை மடி வரைக்கும் ஏற்றிவிட்டேன். அதற்கு மேல் வரவில்லை. கோலம் போட வந்த அம்மா பார்த்துவிட்டு, “இடுப்பு என்னத்துக்குட்டீ ஆகும்!” என்று கத்தினாள். மறுநாள் அவளே கூப்பிட்டு அரிசி மூட்டையை நகர்த்தி வைக்கச் சொன்னாள்.

வேலூரிலிருந்து:

கல் எத்தனை கிலோ இருக்கும்மா? நோட்டில் குறித்துக்கொள்ளத்தான் கேட்கிறேன்.

நெல்லைப் பக்கத்திலிருந்து:

தெரியாது அண்ணா. தாத்தாவும் எடை போட்டதில்லை.