பழைய ராக் குழுக்கள் மறுபடி ஒன்று சேர வேண்டுமா?

கேள்வி:
2009இல் உடைந்த ஓயாசிஸ் 2025இல் மறுபடி மேடையேறியதிலிருந்து இதே யோசனைதான். வயதானால் குரல் இறங்கும், விரல் வேகம் குறையும். அப்போதும் சேரத்தான் வேண்டுமா, இல்லை நம் நினைவில் இருப்பதை அப்படியே விட்டுவிடலாமா?

பதில் 1:
சேரலாம், ஆனால் ஒரு தடவை போதும். லெட் செப்லின் 2007 டிசம்பரில் லண்டனில் ஒரே ஓர் இரவு வாசித்தார்கள், 1980இல் இறந்துபோன டிரம்மர் ஜான் பானமின் இடத்தில் அவர் மகன் ஜேசன் உட்கார்ந்தார், சில பாடல்களில் சுருதியை இறக்கிக்கொண்டார்கள், அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. அப்புறம் சுற்றுப்பயணம் வேண்டாம் என்று பாடகர் ராபர்ட் பிளான்ட் உறுதியாக நின்றார். எனக்கு அது பிடித்திருக்கிறது.

பதில் 2:
ஒரு தடவை போதும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பிங்க் ஃபிளாய்டின் நால்வரும் 2005இல் ஹைட் பார்க்கில் சேர்ந்தபோது இன்னொரு முறை வரும் என்றுதான் நம்பினேன். 2008இல் அந்த நால்வரில் ஒருவரான ரிச்சர்ட் ரைட் இறந்துவிட்டார்.

பதில் 3:
உட்கார்ந்து பாடினால் என்ன? 2022இல் ஜெனசிஸின் கடைசிக் கச்சேரியில் பில் காலின்ஸ் நாற்காலியில் இருந்தபடிதான் பாடினார், டிரம்ஸ் வாசித்தது மகன் நிக்.

கேள்வி கேட்டவர்:
சரி, இதைப் படித்ததும் பிளாக் சபாத் குழுவின் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் நினைவுதான் வருகிறது. 2025 ஜூலை 5 அன்று சொந்த ஊரான பர்மிங்காமில், பிளாக் சபாத்தின் பழைய நால்வரும் சேர்ந்த மேடையில் உட்கார்ந்தே பாடினார். 17 நாளில் இறந்துவிட்டார். அந்தக் கச்சேரி நடக்காமல் போயிருந்தால் என்று நினைக்கவே முடியவில்லை.