ஹையேஸ் வேனா, பெட்டி லோரியா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். வீட்டுக்காரருக்கு ஊர் ஊராகப் போய் செம்பனை ஆலைகளில் வெல்டிங் வேலை. வீட்டைக் காலி செய்துவிட்டு, இரண்டு பிள்ளைகளோடு வண்டியிலேயே குடியிருக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். (பள்ளிக்கூடம் தனிக்கதை, அது கல்வி அமைச்சின் அனுமதிக்குக் காத்திருக்கிறது.)

முதலில் பழைய ஹையேஸ் ஒன்று பார்த்தோம். வாங்குமுன் வாசலில் சாக்கட்டியால் அதே அளவுக்குக் கோடு போட்டு நாலு பேரும் படுத்துப் பார்த்தோம். சாதாரண ஹையேஸின் வெளி அகலமே 1.7 மீட்டர்தான். குறுக்கே படுத்தால் இவர் கால் கோட்டுக்கு வெளியே. நடுவில் நாயும் வந்து படுத்துக்கொண்டது. மாமியார் பார்த்துவிட்டு, "லயத்து வீட்டில் எட்டுப் பேர் இருந்தோம், ஆனா வெளியே வாசல் இருந்துச்சு" என்றார்.

சரி, பெட்டி லோரி? நிமிர்ந்து நிற்கலாம். ஆனால் இவரிடம் இருப்பது கார் ஓட்டும் டி லைசன்ஸ். வண்டியின் வெறும் எடை 3,500 கிலோவைத் தாண்டக்கூடாது. கட்டில், அலமாரி வைத்த பிறகு எவ்வளவு வரும்? ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) அனுமதி வாங்கி லோரியை வீடாக மாற்றியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

அப்புறம் ஏர்கோன். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் 1.2 யூனிட்தான் கரண்ட். ஒரு குதிரைத்திறன் ஏர்கோன் இரண்டு மணி நேரம் ஓடினாலே பெரிது. இந்த வெக்கையில் ராத்திரி எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

ஹையேஸ்காரர் வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கேட்கிறார். அதற்குள் சொன்னால் உதவியாக இருக்கும்.