ஜாஸ் ‘ஸ்டாண்டர்டு’: ‘புழங்குபாட்டு’ என்று வைக்கலாமா?

நம் கலைச்சொல் குழுவில் உள்ள அனைவருக்கும் வணக்கம்.

நிலைபெற்ற பழைய பாடல்களைப் புதிதாகப் பாடிய ஒரு ஜாஸ் வாய்ப்பாட்டுத் தொகுப்பைப் பற்றி எழுதும்போது ‘ஸ்டாண்டர்டு’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று ஓசூர் நண்பர் கேட்டிருந்தார். செந்தரப் பாடல், நிலைப்பாட்டு, செவ்வியல் பாடல் என்று மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன. மூன்றிலும் எனக்குத் தயக்கம் இருக்கிறது.

> ஸ்டாண்டர்டு என்றால் செந்தரம்தானே, எதற்குப் புதுச்சொல்?

காவேரிப்பட்டினத்து ஐயா, பொறியியலில் அது சரி. கம்பியின் தடிமனுக்கும் சிமென்ட்டின் வலுவுக்கும் அளவுகோல் வைப்பது செந்தரம். ஜாஸில் யாரும் ஒரு பாட்டை அளந்து பார்த்து முத்திரை குத்துவதில்லை. நிறைய பேர் எடுத்துப் பாடினார்கள், வாசித்தார்கள், அதனால் அது ஸ்டாண்டர்டு ஆனது. ‘நிலைப்பாட்டு’ தனியாக நிற்கும்போது அழகுதான். ‘அவர் நிலைப்பாட்டை மாற்றினார்’ என்று எழுதிப் பாருங்கள், பாட்டை மாற்றினாரா, கருத்தை மாற்றினாரா என்று தெரியாது. செவ்வியல் என்ற சொல் ஏற்கெனவே வேறு இசைக்குப் போய்விட்டது. தவிர, இந்தப் பாடல்களில் பெரும்பகுதி பிராட்வே நாடகங்களுக்கும் ஹாலிவுட் படங்களுக்கும் எழுதப்பட்டவை. வந்த காலத்தில் அவை சினிமாப் பாட்டு, மேடைப் பாட்டு, அவ்வளவுதான்.

ஒரு பாட்டின் பயணத்தைப் பார்த்தால் நமக்கு எந்தச் சொல் வேண்டும் என்பது தெரிந்துவிடும். ஜாஸ் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு 1960 பிப்ரவரியில் பெர்லினில் நடத்திய கச்சேரி அதே ஆண்டு இசைத்தட்டாக வந்தது. அதில் ‘மேக் த நைஃப்’ இருக்கிறது. அது பிறந்ததும் அதே பெர்லினில்தான். 1928இல் நாடகாசிரியர் பிரெக்ட் எழுத, கர்ட் வைல் இசையமைத்த ‘மூன்று காசு ஆபெரா’வின் பாட்டு. வைல் யூதர், 1933இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் ஜெர்மனியை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. 1954இல் மார்க் பிளிட்ஸ்டைனின் ஆங்கில வரிகளோடு அந்த நாடகம் நியூயார்க் மேடை ஏறியது. அடுத்த ஆண்டு ஜாஸ் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் பாடிப் பதிவு செய்தார். வைலின் மனைவி லோட்டே லெனியா அந்த நாடகத்தின் நடிகை, ஒலிப்பதிவின்போது கூடத்தில் இருந்தார். பாட்டில் வரும் பெண்களின் பெயர்களோடு லெனியாவின் பெயரையும் ஆம்ஸ்ட்ராங் சேர்த்துப் பாடிவிட்டார். பாடகர் பாபி டாரின், 1959இல் வெளிவந்த தன் பதிவில் அந்தப் பெயரை அப்படியே வைத்துக்கொண்டார். கதையில் இல்லாத ஒருத்தி, ஒருவர் பாடிய பாட்டால் பாட்டுக்குள்ளேயே தங்கிவிட்டாள்!

பெர்லின் மேடையில் ஃபிட்ஸ்ஜெரால்டுக்குப் பாதியில் வரிகள் மறந்துபோகின்றன. பாட்டை நிறுத்தவில்லை. தாளம் தவறாமல், வரிகள் தெரியவில்லை என்பதையே வரியாக்கி, டாரினும் ஆம்ஸ்ட்ராங்கும் பாடியதைச் சொல்லி, ஆம்ஸ்ட்ராங்கின் கரகரத்த குரலையும் பாடிக்காட்டி முடிக்கிறார். அந்தப் பதிவுக்குக் கிராமி விருது கிடைத்தது. முன்பு பாடியவர்கள் எல்லாரும் அந்த ஒரு பாட்டுக்குள் கேட்கிறார்கள். ‘கவர்’ பாடல் என்றால் மூலப் பதிவு ஒன்று இருக்கும், அதோடு ஒப்பிட்டுத்தான் கேட்போம். ஸ்டாண்டர்டில் முதலில் பதிவு செய்தவருக்குத் தனி உரிமை எதுவும் கிடையாது.

ஆகவே என் பரிந்துரை: புழங்குபாட்டு.

இது வினைத்தொகை. ஊறுகாய், சுடுசோறு போல முக்காலமும் இதற்குள் அடங்கும். புழங்கிய பாட்டு, புழங்குகிற பாட்டு, இனியும் புழங்கும் பாட்டு. நடுவே ஒற்று மிகாது, ‘புழங்குப்பாட்டு’ என்று எழுதிவிட வேண்டாம். ‘புழங்குபொருள்’ என்ற சொல் நாட்டாரியலில் ஏற்கெனவே நிலைத்திருப்பதால் காதுக்கும் புதிதாக இருக்காது. தர்மபுரிப் பக்கம் ‘வீட்ல பொழங்குற சாமான்’ என்று சொல்லாதவர் யார்?

கூத்து பார்த்து வளர்ந்த நமக்கு இது எளிதில் விளங்கும். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் கர்ண மோட்சம் என்றால் கதை என்ன ஆகும் என்று பார்க்க யாரும் விடிய விடிய உட்காருவதில்லை. இன்று கர்ணன் கட்டுகிறவர் அந்த விருத்தத்தை எங்கே இழுப்பார், பொன்னுருவியோடு தர்க்கம் எவ்வளவு நேரம் போகும் என்பதற்காகத்தான் உட்காருகிறோம். ஜாஸ் கேட்பவரும் அப்படித்தான். பாட்டு தெரியும், இவர் என்ன செய்யப்போகிறார் என்பதே ஆவல்.

ஊத்தங்கரை அக்கா எனக்குத் தனியாக எழுதிய மறுப்பை அவர் அனுமதியோடு இங்கே வைக்கிறேன். ‘அவங்களோட நாங்க பொழங்கமாட்டோம்’ என்று சாதி பார்த்து ஒதுக்கும் பேச்சிலும் இந்தச் சொல் வருகிறதே, அந்தக் கறை ஒட்டாதா என்று கேட்கிறார். நியாயமான கேள்வி, நானும் யோசித்தேன். அந்தப் பேச்சிலும் கேடு ‘மாட்டோம்’ என்பதில் இருக்கிறதே தவிர புழங்குவதில் இல்லை. நாஜிகள் விரட்டிய யூதரின் பாட்டை அதே ஊரில் ஒரு கறுப்பினப் பெண் பாட, ஜெர்மானியர்கள் கைதட்டினார்கள். இதற்குப் புழங்குதல் என்பதைவிடப் பொருத்தமான வினை எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் இரண்டாவது சொல். பழைய பாட்டைப் புதிதாக ஆக்கிப் பாடுவதற்கு அரூர் தோழர் ‘பாடாந்தரம்’ என்றார். கர்நாடக இசையில் பாடாந்தரம் குருவிடம் கேட்டதைக் குலையாமல் காப்பது. இங்கே எதிர்பார்ப்பே விலகிப் போவதுதான். ‘மறுவார்ப்பு’ எனலாம். ஃபிட்ஸ்ஜெரால்டின் அதே பெர்லின் கச்சேரியின் ‘ஹவ் ஹை த மூன்’ பதிவைக் கேளுங்கள். முதல் சுற்றில் வரிகளைப் பாடுகிறார். பிறகு வேகம் கூட்டி வரிகளையும் மாற்றுகிறார். அதற்கப்புறம் சொல்லே இல்லாமல் வெறும் ஒலிகளால் பாடும் ஸ்கேட், சில நிமிடங்களுக்கு. அந்தப் பாட்டின் கார்டு வரிசை (chord, மெட்டுக்கு அடியில் சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுகளின் வரிசை) மேல் கட்டப்பட்டு, சாக்சஃபோன் கலைஞர் சார்லி பார்க்கர் 1946இல் பதிவு செய்த ‘ஆர்னிதாலஜி’யின் மெட்டும் நடுவே வந்து போகிறது. மெட்டும் சொல்லும் உருகி ஓடினாலும் அடியில் கார்டு வரிசை அப்படியே இருக்கிறது. ஸ்கேட்டை ஸ்கேட் என்றே விட்டுவிடலாம் என்பது என் எண்ணம். ஜதி, சொற்கட்டு என்றெல்லாம் எழுதினால் நம் தாள மரபோடு குழம்பும்.

பட்டியலில் சேர்க்க வரைவு:

புழங்குபாட்டு: ஜாஸ் கலைஞர்கள் பலரும் பொதுவாக அறிந்து, அவரவர் வழியில் பாடியும் வாசித்தும் வருகிற பாட்டு. எ.கா. ‘இந்தத் தொகுப்பில் உள்ளவை எல்லாம் புழங்குபாட்டுகளின் மறுவார்ப்பு.’

மறுப்பு இருந்தால் சொற்பட்டியலை இறுதி செய்வதற்குள் எழுதுங்கள். ‘கார்டு வரிசை’க்கும் நல்ல சொல் வேண்டும். கிருஷ்ணகிரியில் கிட்டார் சொல்லிக்கொடுக்கிற நம் குழு நண்பர், மாணவர்களிடம் அதை எப்படிச் சொல்கிறார் என்று தெரிவித்தால் அங்கிருந்து தொடங்கலாம்.