ஆஸ்பத்திரி விட்டு வந்த பொறவு வலி: உங்க வீட்ல எப்டி சமாளிச்சிய?

மார்த்தாண்டத்துக்காரன்

அப்பாவுக்கு புரோஸ்டேட் கேன்சர், எலும்புக்கு ஏறிட்டு. திருவனந்தபுரத்துலதான் பாத்தோம், நம்ம பக்கத்துல முக்காவாசி பேரும் அங்கதான போறோம். சனிக்கெழம டிஸ்சார்ஜ். வலிக்கு மார்ஃபின் மாத்திர, 10 மில்லிகிராம் நாலு மணிக்கூருக்கு ஒண்ணுன்னு எழுதி கொஞ்சம் மாத்திரையும் தந்து விட்டாவ, தீந்தா ஊர்ல எங்க கெடைக்கும்னு ஒருத்தரும் சொல்லல்ல. தீந்த அன்னைக்கு கட கடயா ஏறி எறங்கினேன். ஒரு மெடிக்கல்ஸ்ல சீட்ட வாங்கி பாத்தவரு பக்கத்துல நின்ன ஆள ஒரு பார்வ பாத்துட்டு, சீட்ட நாலா மடிச்சு என் சட்டப் பாக்கெட்லயே திருப்பி வச்சாரு. "இத கைல வச்சிட்டு சுத்தாதீங்க தம்பி"ன்னாரு. கஞ்சா கேட்டு வந்தவன்ட்ட பேசுத மாதிரி. வீட்ல அப்பா கட்டில் சட்டத்த பிடிச்சிட்டு கெடக்காரு, நான் ரோட்ல நின்னு யாருக்கு போன் போடதுன்னு தெரியாம நிக்கேன். கடைசில மறுபடியும் பஸ் ஏறி களியக்காவிள தாண்டி போயிதான் வாங்கிட்டு வந்தேன். அந்தாளு மேல கோவம் இன்னும் போகல்ல.

நெய்யூர் மருமக

உங்களுக்கு மாத்திர கெடைக்கல்ல அண்ணா, எங்க வீட்ல மாத்திர இருந்துட்டே குடுக்கல்ல. மாமிக்கு கர்ப்பப்பை. இவிய அண்ணன் வெளிநாட்டுல இருந்து லீவுல வந்தாவ, வந்த அன்னைக்கே மாத்திரய பீரோல வச்சு பூட்டி சாவிய பாக்கெட்ல போட்டாவ, அம்மை போதைக்கு அடிமை ஆயிருவாளாம். ரொம்ப வலிச்சா மட்டும் ஒண்ணு தருவாவளாம். மாமி சத்தம் போட மாட்டாவ, தோர்த்து துண்டு நுனிய சுருட்டி பல்லுக்கு எடையில வச்சிருப்பாவ, காலைல நான் தோய்க்கும்போது பாத்தா அந்த நுனி பூரா நார் நாரா இருக்கும். பொறவு வீட்டுக்கு வந்த நர்ஸக்கா "அம்மா, பத்துக்கு எத்தன மார்க்கு வலி?"ன்னு கேட்டாவ. மாமி அண்ணன் நிக்கத பாத்துட்டு "மூணு"ன்னாவ. நான் ஒண்ணும் பேசல்ல, அடுக்களைக்குப் போயி தோர்த்த எடுத்துட்டு வந்து நர்ஸக்கா கைல குடுத்தேன். அன்னைக்கு சாவி வெளிய வந்துது. ரெண்டு நாள் மயங்கி மயங்கி கெடந்தாவ, மூணாம் நாள் எழும்பி இருந்து கஞ்சியும் பயறும் கேட்டாவ.

கருங்கல் வாத்தியார்

எல்லாரும் மார்ஃபின் மார்ஃபின்னு பேசுதிய. எங்க பாட்டாவுக்கு அத ஆரம்பிச்சு ரெண்டே நாள்ல ஆளு போயாச்சு. அதுவரைக்கும் பேசிட்டு இருந்தவரு. அதுக்குமேல நான் என்ன சொல்ல. நம்ம ஜில்லா வர்மத்துக்கு பேர் போன ஜில்லா, நல்ல ஆசான் யாரையாவது பாருங்க. எண்ண போட்டு பைய தடவி விட்டா பாதி வலி எறங்கும். காலைல சுக்கு போட்டு கொதிக்க வச்ச தண்ணி, ராத்திரி பசும்பால்ல ஒரு நுள்ளு மஞ்சப்பொடி, கோழிக்கறி தொடவே கூடாது, டிவி சத்தம் கூடாது. பாக்க வாறவங்க கட்டில் பக்கத்துல இருந்து அழப்பிடாது, அழணும்னா முத்தத்துல போயி அழுங்க. இங்கிலீஷ் மருந்து கடைசி கடைசிலதான் எடுக்கணும்.

தக்கலை சிஸ்டர்

வாத்தியார் சார், முத்தத்துல போயி அழணும்னு சொன்னதுக்கு மட்டும் நான் கூட்டு. மத்தது இல்ல. பாட்டா போனது நோய் முத்தினதுனால, கடைசி கடைசின்னு தள்ளி வச்சு அந்த ரெண்டு நாள்ல ஆரம்பிச்சா பழி மாத்திர மேல விழத்தான் செய்யும். கொறஞ்ச டோஸ்ல தொடங்கி வலிக்கு தக்க டாக்டர் பைய கூட்டினா அது உயிர எடுக்காது. எலும்புல ஏறின கேன்சருக்கு அழுத்தி தடவினா எலும்பு முறியக்கூட செய்யலாம் சார், தயவுசெஞ்சு அத யாருக்கும் சொல்லாதீங்க.

மார்த்தாண்டம் தம்பி, இது எல்லா மெடிக்கல்ஸ்லயும் வைக்க மாட்டாவ. 1985ல வந்த போதைப்பொருள் சட்டத்துக்கு பொறவு ஒவ்வொரு ஸ்டேட்லயும் லைசென்ஸ் மேல லைசென்ஸ் வேணும்னு ஆகி ஆஸ்பத்திரிகளே வாங்கத விட்டுட்டு. வலி நிவாரணத்துக்குன்னே உள்ள பாலியம் இந்தியா அமைப்பு டாக்டர் ராஜகோபால் போல உள்ளவங்க வருசக்கணக்கா கெடந்து போராடி 2014ல சட்டத்த திருத்த வச்சாவ, இப்ப அங்கீகாரம் உள்ள ஆஸ்பத்திரில ஸ்டாக் வைக்கலாம். அதுனால டிஸ்சார்ஜ் அன்னைக்கே, எங்க வாங்கணும், எந்த நம்பர்ல கூப்பிடணும்னு எழுதி வாங்காம படி எறங்காதீங்க. ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ்ல கேளுங்க, ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் பேர் குடுங்க, 2021ல தொடங்குன மக்களைத் தேடி மருத்துவம்ங்குற அரசு திட்டத்துல வீட்டுக்கு வந்து பாக்குத வலி நிவாரண சேவையும் உண்டு. பொறவு முக்கியமா, வலி வந்தா குடுக்கத மருந்து இல்ல இது, மணி பாத்து குடுக்கணும். ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்ப வேண்டாம்னா படுக்கும்போது டோஸ கூட்டி தரலாமான்னு டாக்டர்ட்ட கேளுங்க. மலச்சிக்கல் வரும், கண்டிப்பா வரும், அதுக்குள்ள மருந்தும் கூடவே குடுக்கணும், பாதி பேரு இதுக்கு பயந்துதான் மாத்திரய நிறுத்துதாவ. கிட்னி கொறவுன்னா டாக்டர்ட்ட மறக்காம சொல்லுங்க.

குளச்சல் கடப்புறம்

சிஸ்டர் பேட்ச்ச விட்டுட்டிய. எங்க அப்பாவுக்கு தொண்டைல, முழுங்க முடியாதுன்னு நெஞ்சுல ஒட்டுத ஃபென்டனில்ங்குற வலி மருந்து பேட்ச் தந்தாவ, 72 மணிக்கூருக்கு ஒண்ணு. கடல்ல கெடந்த ஒடம்பு, குளிருதுன்னாரு. அத்த பாசத்துல சுடுதண்ணி பாட்டில துணில சுத்தி நெஞ்சுல அந்த பேட்ச் மேலேயே வச்சிட்டு. கொஞ்ச நேரத்துல ஆளு கூப்பிட்டா முழிக்கல்ல, கண்ணு கருமணி குண்டூசி தல அளவுக்கு சுருங்கிட்டு, மூச்சு எண்ணி எண்ணி விடுதாரு. பேட்ச்ச உரிச்சு ஓட்டோல தூக்கிப் போட்டு ஓடினோம், பொழச்சாரு. சூடு பட்டா மருந்து மடமடன்னு உள்ள எறங்குமாம். தந்து விட்டவங்க இத ஒரு வரி சொல்லல்ல பாருங்க.

நெய்யூர் மருமக

சிஸ்டர் ஒரு சந்தேகம், மாமி போன பொறவு மீதி உள்ள மாத்திர இப்பவும் இருக்கு, பிள்ளைய உள்ள வீடு. என்ன செய்யணும்?

தக்கலை சிஸ்டர்

தூரப் போடாதீங்க மக்ளே, அடுத்த வீட்டுக்காரங்க கேட்டாலும் குடுக்காதீங்க. வாங்குன ஆஸ்பத்திரிலயே எண்ணி திருப்பிக் குடுங்க. பேட்ச்சும் அப்டித்தான், கழட்டினதுலயும் மருந்து பாக்கி இருக்கும்.