லப்டொப்பில பால் தேத்தண்ணி ஊத்துப்பட்டிட்டு: அரிசிக்க வைக்கிறதா, வெயில்ல வைக்கிறதா?

களுவாஞ்சிக்குடி டீச்சர்:

கீபோட்டுக்கு மேல அரைக் கோப்பை பால் தேத்தண்ணி ஊத்துப்பட்டிட்டு, சீனி போட்டது. இப்ப முக்கால் மணித்தியாலம். 15 அங்குல லப்டொப், விண்டோஸ் 11, பற்றறி உள்ளுக்க. கொட்டின நேரம் ஓன்ல இருந்தது, சார்ஜரும் குத்தியிருந்தது. சார்ஜரைப் புடுங்கி, பவர் பட்டனை அமத்திப் பிடிச்சு நிப்பாட்டி, துணியால ஒத்தி எடுத்தாச்சு. வீட்டில ஒராள் அரிசிக்க போடு எண்டுறார், இன்னொராள் வெயில் வந்தா வெளிய வை எண்டுறார். தவணைப் பரீட்சைப் புள்ளி முழுக்க அதுக்குள்ளதான். நாளைக்கு ஞாயிறு, டவுன்ல கடை திறக்க மாட்டாங்க. அதுவரைக்கும் என்ன செய்யலாம்? எப்ப ஓன் பண்ணிப் பாக்கலாம்?

வாவிக்கரை:

டீச்சர், அரிசியும் வேணாம், வெயிலும் வேணாம். ஓன் பண்ணிப் பாக்கிறது அறவே வேணாம். "சும்மா ஒருக்கா லைட் வருதா எண்டு பாப்பம்" எண்டு அமத்துறதாலதான் தப்ப இருந்த போட் (உள்ளுக்க இருக்கிற பிரதான மின்சுற்றுப் பலகை) கன இடத்தில சாகிறது.

முதல்ல மூடியை நல்லா விரிச்சு, கீபோட் கீழ பாக்கிற மாதிரிக் கவிழ்த்து, கூடார வடிவில மேசை விளிம்பில வைங்க. கீழ ஒரு துவாய். திரையும் உடம்பும் சேருற பிணைச்சல் மேல இருக்கோணும். அப்பத்தான் உள்ள நிக்கிறது கை வைக்கிற பக்கமா வடியும், திரைக் கேபிள் பக்கம் போகாது. குலுக்க வேணாம். குலுக்கினா நனையாத இடமும் நனையும்.

அடுத்தது பற்றறி. நிப்பாட்டினாப் பிறகு உள்ள கரண்ட் இல்லை எண்டு நினைக்கிறது பிழை. பற்றறி கொழுவியிருக்கிற வரைக்கும் போட்டில 3.3 வோல்ட், 5 வோல்ட் வழிகள் முழிச்சுக்கொண்டுதான் இருக்கும். பவர் பட்டனை அமத்துறதை அறியிற சிப்புக்கு அது தேவை. ஈரமும் உப்பும் இருக்கிற இடத்தில வோல்ட்டும் இருந்தா செம்பு கரைஞ்சு ஒரு காலில இருந்து பக்கத்துக் காலுக்கு நகரத் தொடங்கும். போட்டில பச்சையாவும் வெள்ளையாவும் பூக்கிறது அதுதான். இதுக்கு நாள்கணக்குத் தேவையில்லை. அதால ஏலும் எண்டா இண்டைக்கே அடிமூடியைக் கழட்டுங்க.

0 நம்பர் நட்சத்திர ஸ்க்ரூ ட்ரைவர் காணும். ஒரு தாளில அடிமூடியைக் கீறி, எந்த ஸ்க்ரூ எங்க நிண்டதோ அந்த இடத்திலயே தாளில வைங்க. நீளம் ஒரே மாதிரி இராது. கட்டை ஸ்க்ரூ நிண்ட ஓட்டையில நீட்டு ஸ்க்ரூவை முறுக்கினா போட்டைக் குத்திப்போடும். சில மொடல்ல ரப்பர் பட்டிக்குக் கீழயும் ரெண்டு ஒளிச்சிருக்கும். மூடி வராட்டி இழுக்காம பழைய ஏ.டி.எம். அட்டையை விளிம்பில ஓட்டுங்க, டிக் டிக் எண்டு கழரும். உள்ளுக்க பெரிய கறுப்புச் சதுரம் பற்றறி. அதில இருந்து போற வயர்க்கட்டின்ர முனையை ரெண்டு நகத்தாலயும் மெதுவா அசைச்சு, கன மொடல்ல போட்டுக்குச் சமாந்தரமா வெளிய தள்ளோணும். வயரைப் பிடிச்சு இழுக்க வேணாம். சிலதில மேல மெல்லிய கம்பி வளையம் ஒண்டு பூட்டு மாதிரிக் கிடக்கும், முதல்ல அதை மற்றப் பக்கம் திருப்போணும்.

அரிசி ஈரத்தை இழுக்கிறது குறைவு, தவிடும் மாவும் யூ.எஸ்.பி. துளைக்குள்ள போறதுதான் மிச்சம். தலைமுடி காயவைக்கிற மெசினும் வேணாம். சூடு கீ மூடிகளை வளைக்கும், காத்து தண்ணியைச் சிப்புக்கு அடியில தள்ளும். மேசை ஃபேன் காணும்.

கல்முனை பெஞ்ச்:

வாவிக்கரை சொன்னது சரி. அதோட 99 வீத ஐசோபுரோப்பைல் அல்ககோல் எடுத்து, மெல்லிய பல்துலக்கியால நனைஞ்ச இடத்தைத் தேய்ச்சு விட்டா காரியம் முடிஞ்சுது. அது தண்ணியை இழுத்துக்கொண்டு ஆவியாப் போயிரும். போட்டுக்கு ஒண்டும் நடக்கா.

எல்லாத்துக்கும் முதல் மறுகா வாங்க ஏலாத சாமானைப் பாருங்க: புள்ளி விபரம். இப்ப ஃபோனில வன்டிரைவை, அதான் மைக்ரோசொஃப்டின்ர இணையச் சேமிப்பை, திறந்து பாருங்க டீச்சர். விண்டோஸ் 11ல 'டொகியுமென்ட்ஸ்' கோப்புறை கனபேருக்குத் தெரியாமலே அதில சேமிக்கப்படும். இருந்தா பாதிப் பயம் போச்சு.

நெற்கதிர்:

கல்முனை நானா, வெறும் தண்ணியோ சீனி இல்லாத பிளேன்டியோ எண்டா அல்ககோல் மட்டும் காணும். இது பாலும் சீனியும். இங்க ஒழுங்கு மாறோணும்.

சீனி தண்ணியில கரையும், 99 வீத ஐசோபுரோப்பைல்ல கரையாது எண்டே சொல்லலாம். தேய்ச்சா பாகு இடம் மாறும், போகாது. பால் இன்னும் மோசம்: செறிவான அல்ககோல் பட்டவுடனே பால்ப் புரதம் கட்டிபட்டுச் சிப்புக் கால்களுக்கு இடையில வெள்ளையா ஒட்டும். பிறகு அதைச் சுரண்டி எடுக்கிறது பெரிய வேலை. அதால முதல்ல தண்ணி, பிறகுதான் அல்ககோல். தண்ணி சீனியையும் பாலையும் எடுக்கும், அல்ககோல் அந்தத் தண்ணியை எடுக்கும்.

தண்ணி எண்டா காய்ச்சி வடிச்ச தண்ணி. எங்கட கரையோரக் கிணத்துத் தண்ணி, குழாய்த் தண்ணி ரெண்டும் கூடாது. காஞ்சாப் பிறகு உப்பு மிஞ்சும். வாகன உதிரிப்பாகக் கடையில விக்கிற பற்றறித் தண்ணி இதுக்கு நல்லம், ஒரு லீற்றர் தாராளம். ஆனா லேபலை வாசிச்சு வாங்கோணும்: அதே தட்டில பற்றறி அசிட்டும் இருக்கும்.

கழுவுறவர் போட்டை முழுசா வெளிய எடுத்துத்தான் கழுவோணும். விசிறி, ஸ்பீக்கர், ராம், ஃபைல் எல்லாம் இருக்கிற எஸ்.எஸ்.டி., காசு மாதிரி இருக்கிற 3 வோல்ட் சின்னப் பற்றறி எல்லாம் முதல்ல கழரோணும். பற்றறித் தண்ணியில நனைச்ச மெல்லிய துலக்கியால தேய்ச்சு, புதுத் தண்ணி ஊத்தி அலசி, மறுபக்கமும் அப்பிடியே. கலங்கல் இல்லாமத் தண்ணி வடியத் தொடங்கினாப் பிறகு அல்ககோல். கொனெக்டர் வாய்களுக்குள்ளயும் பெரிய சிப்புகளைச் சுத்தியும் கூட ஊத்தி, போட்டைச் சரிச்சு வடிய விடோணும். மேற்பரப்பு நிமிசத்தில காயும். சிப்புக்கு அடியில உள்ளதுக்கு ஃபேனுக்கு முன்னால ஒரு முழுநாள் குடுங்க. மாரியில வெளிக்காத்தே ஈரம், திறந்த விறாந்தையில வைச்சா காயாது. ஏ.சி. அறை இருந்தா அதுதான் திறம்.

"மூண்டு நாள் காயவிட்டன், வேலை செய்யுது, ரெண்டு மாசத்தில செத்திட்டு" எண்டு வாற லப்டொப் எல்லாம் இந்தக் கேஸ்தான். தண்ணி காயும், பாகு காயாது. அது ஒவ்வொரு மழைக்கும் காத்தில இருந்து ஈரத்தை இழுத்துத் திரும்பக் கரண்ட் கடத்தும். இளநீரும் இந்தக் கூட்டம்தான், சீனியோட பொட்டாசியமும் இருக்கிறதால. கடல் தண்ணி, வாவித் தண்ணி எண்டா ஞாயிறு திங்கள் பாக்காம அப்பவே பற்றறித் தண்ணியில அலசோணும்.

களுவாஞ்சிக்குடி டீச்சர்:

எல்லாருக்கும் நன்றி. அடிமூடி கழட்டி பற்றறி வயரை எடுத்தாச்சு. போட்டின்ர ஒரு மூலையில, விசிறிக்குப் பக்கத்தில, மண்ணிறமாப் பிசுபிசுப்பு. கீபோட் நாடா (தட்டையான வயர்) போற இடமும் ஈரம். வன்டிரைவில போன தவணைப் புள்ளி மட்டும்தான் கிடக்கு. பாமசியில சேர்ஜிக்கல் ஸ்பிரிட்தான் இருக்காம், அது பாவிக்கலாமா? எஸ்.எஸ்.டி.யை நான் கழட்டலாமா?

கல்முனை பெஞ்ச்:

பால் கட்டிபடுற விசயத்தில நெற்கதிர் சொல்றது சரி, ஒத்துக்கொள்றன்.

சேர்ஜிக்கல் ஸ்பிரிட் வேணா. சில தயாரிப்புகள்ல எண்ணெய் சேர்த்திருப்பாங்க, படலமா நிக்கும். கைக்குப் பூசுற ஜெல்லும் வேணா, அதில பசைப்பொருள் இரிக்கி. தின்னர், பெற்றோல் கிட்டயும் கொண்டு போகாதீங்க. பிளாஸ்ரிக் கொனெக்டர் இளகிப்போகும். இப்ப செய்ய வேண்டியது ஒண்டுதான்: பற்றறித் தண்ணி கிடைச்சா, பஞ்சுக் குச்சியை நனைச்சுப் பிழிஞ்சு, அந்த மண்ணிறத்தை ஒத்தி ஒத்தி எடுங்க. பஞ்சு வெள்ளையாத் திரும்பி வரும் வரைக்கும் குச்சியை மாத்துங்க. முழுசாக் கழுவுறது கடைக்காரர்ர வேலை.

எஸ்.எஸ்.டி. கழட்டலாம், அது லேசு. 22 மில்லிமீற்றர் அகலம், அனேகமா 80 நீளத்தில பச்சையோ கறுப்போ ஒரு தகடு, ஒரு முனையில ஒரேயொரு ஸ்க்ரூ. ஸ்க்ரூ கழண்டதும் அந்த முனை தானாச் சாய்வா எழும்பும், அதே சாய்வில இழுங்க. பொன்னிறப் பல்லுகள் ஈரமா இருந்தா அதையும் ஒத்தி எடுத்து நல்லாக் காய விடுங்க. இதில ரெண்டு வகை இருக்கு, எது எண்டு அறியப் பல்லுகளைப் பாருங்க: ஒரு வெட்டு எண்டா அனேகமா என்.வி.எம்.ஈ., ரெண்டு வெட்டு எண்டா அனேகமா சாட்டா. டிரைவை வேற கொம்பியூட்டர்ல கொழுவுற யூ.எஸ்.பி. கூடு வாங்கக்க அந்த வகையைச் சொல்லி வாங்கோணும், மாறினா டிரைவ் தெரியா. "செத்திட்டு" எண்டு தூக்கி வைக்கிற டிரைவுகள்ல கொஞ்சம் இந்தப் பிழைக் கூடுதான்.

இன்னொண்டு. வேற கொம்பியூட்டர்ல கொழுவினா 48 இலக்கச் சாவி கேக்கலாம். விண்டோஸ் 11 மைக்ரோசொஃப்ட் கணக்கால உள்நுழைஞ்ச கன லப்டொப்பில டிரைவைத் தானாப் பூட்டி வைக்கும். கணக்குக்குள்ள ஃபோனால போய், உங்கட சாதனத்துக்குக் கீழ மீட்புச் சாவியைப் பாத்து ஒரு தாளில எழுதி வைங்க. மெக்புக் வைச்சிருக்கிற ஆக்களுக்கு இது ஒண்டும் சரிவராது. புதுசுகள்ல சேமிப்புச் சிப் போட்டிலயே ஒட்டினது, போட் உயிரோட வந்தாத்தான் ஃபைல்.

வாவிக்கரை:

எப்ப ஓன் பண்ணலாம் எண்டதுக்கு: கழுவிக் காயாம ஓன் பண்ண வேணாம். திங்கட்கிழமை கடையில குடுக்கக்க "பால் தேத்தண்ணி, சீனியோட, ஓன்ல இருக்கக்க" எண்டு உள்ளதை உள்ளபடி சொல்லுங்க. "தானா நிண்டுட்டு" எண்டு சொன்னா அவங்க முதல்ல செய்யிறது சார்ஜரைக் குத்திப் பாக்கிறது. வொரன்ரிக்காக மறைச்சும் பிரயோசனம் இல்லை. கன மொடல்ல உள்ளுக்க தண்ணி பட்டா சிவப்பாகிற வெள்ளை ஸ்ரிக்கர் இருக்கும்.

காத்தடிச்சுத் தாறதைக் கழுவினதா எடுக்க வேணாம். போட்டை வெளிய எடுத்து ரெண்டு பக்கமும் படம் எடுத்துத் தரக் கேளுங்க. திறமான ஆள் கரண்ட் குடுக்க முதல் மல்டிமீற்றரால பிரதான வழியில சோட் (கரண்ட் குறுக்கால பாயுற பிழை) கிடக்கா எண்டு பாப்பார். பிறகு பற்றறி இல்லாம சார்ஜரில. யூ.எஸ்.பி. சி-வகைச் சார்ஜர் எண்டா நடுவில வோல்ட் காட்டுற மீற்றர் ஒண்டு போட்டா 20 வோல்ட்டுக்கு ஏறுதா, 5 வோல்ட்டிலயே நிக்குதா எண்டு தெரியும். 5ல நிண்டா சார்ஜிங் பக்கத்திலதான் தேடோணும். பற்றறி கடைசி. அது ஊதியிருந்தா, பக்கத்தில இனிப்பா மணத்தா, திரும்பக் கொழுவவே கூடாது.

திரையில வெள்ளைத் திட்டு வந்தா பின்ஒளித் தாளுக்குள்ள ஈரம் போயிருக்கு. அது காஞ்சாலும் அடையாளம் நிக்கும், பாவிக்கலாம்.

நெற்கதிர்:

கீபோட்டைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்ல. அது போச்சு எண்டே வைச்சுக்கொள்ளுங்க. கீகளுக்குக் கீழ மூண்டு மெல்லிய பிளாஸ்ரிக் தாள் ஒட்டிக் கிடக்கும், பால் அதுகளுக்கு இடையில தானா ஊறிப் போயிரும். பிரிச்சுக் கழுவ ஏலாது. கழுவின போட் நல்லா இருக்க, நனைஞ்ச கீபோட் தன்பாட்டில எழுத்து அடிக்கும், ஒலியைக் கூட்டும், நடுச்சாமத்தில லப்டொப்பை ஓனாக்கும். "போட் பிழை, மாத்தோணும்" எண்டு கடையில சொன்னா, முதல்ல கீபோட் நாடாவைக் கழட்டிப்போட்டு யூ.எஸ்.பி. கீபோட்டில ஒருக்கா ஓட்டிக் காட்டச் சொல்லுங்க. பவர் பட்டன் கீபோட்டிலயே இருக்கிற மொடல் எண்டா நாடா வேணும், அப்ப வேற கீபோட் ஒண்டைத் தற்காலிகமாக் கொழுவிப் பாக்கோணும்.

மாத்தக்க பழைய கீபோட்டின்ர பின்பக்கத்தில உள்ள பாட் நம்பரைப் பாத்து எடுங்க, லப்டொப் பேரைச் சொல்லி எடுக்க வேணாம். ஒரே பேரில வெளிச்சம் உள்ளதும் இல்லாததும் வரும், நாடாவும் வேறவேற. இப்பத்தைய கன மொடல்ல கீபோட் மேல்மூடியில பிளாஸ்ரிக் முளைகளை உருக்கி ஒட்டினது. அதைக் கழட்டித் திரும்பப் பசை பூசி ஒட்டினா நடுவில தளரும், அமத்தக்க பள்ளம் விழும். அப்பிடி எண்டா மேல்மூடியோட சேர்ந்த முழுத் தொகுதியாக் கேளுங்க.